ஒரே கண், மூன்று காப்புறுதிகள்: குறைபார்வை மறுவாழ்வுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

"இனி மருத்துவத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கண் வைத்தியர் கைவிரிக்கும் இடத்தில்தான் குறைபார்வை மறுவாழ்வு தொடங்குகிறது. ஊசியாலும் சத்திரசிகிச்சையாலும் சாதாரணக் கண்ணாடியாலும் மீட்க முடியாத பார்வை. ஆனால் முற்றாக இருண்டும் போகாத பார்வை. மிஞ்சியிருப்பதை வைத்துக் கடிதம் வாசிக்கவும், மருந்துக் குப்பியை அடையாளம் காணவும், தெருவைக் கடக்கவும் பழக்குவதே அதன் வேலை. அதற்குக் கருவியும் வேண்டும், அதைக் கையாளக் கற்றுத் தரும் ஆளும் வேண்டும். வட அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் முதியவர்கள் பலர் அமெரிக்காவின் மெடிகேர் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான மத்திய அரசுக் காப்புறுதி), கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் மாகாணத் திட்டங்கள் ஆகிய மூன்று ஏற்பாடுகளில் ஏதோ ஒன்றின்கீழ் வருகிறார்கள். மூன்றும் பொதுப்பணம்தான். கொடுக்கும் விதம்தான் வேறு.

ஒப்பிடுவதற்கு ஒரு கற்பனைப் பெரியம்மாவை எடுத்துக்கொள்வோம். வயது 78. விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்துவிட்டது (மக்யுலா சிதைவு என்பார்கள்). எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. ஆனால் தரையின் ஓரத்தில் விழுந்த கரண்டி தெரியும். "நடிக்கிறாவோ" என்று வீட்டார் சந்தேகப்படுவது இதனால்தான். நல்ல கண்ணிலேயே பார்வை 6/30: மற்றவர்கள் 30 மீற்றரில் காண்பதை அவர் 6 மீற்றரில் நின்றுதான் காண்பார்.

இவருக்குப் பயிற்சி என்றால் என்ன? முதலில் கண்ணை வேறு இடத்தில் வைக்கப் பழக்குவார்கள். ஒரு சொல்லைச் சுற்றி மணிக்கூட்டு முகம் இருப்பதாக நினைக்கச் சொல்லி, பன்னிரண்டைப் பாருங்கள், மூன்றைப் பாருங்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். எந்தத் திசையைப் பார்க்கும்போது நடுவிலுள்ள சொல் தெளிகிறதோ, அதுவே அவருக்குரிய திசை. அடுத்தது பூதக்கண்ணாடி. சக்தி கூடிய கண்ணாடியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தாளை அதனருகே கொண்டுவர வேண்டும். யாரும் சொல்லித் தராவிட்டால் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சரிவராது" என்று லாச்சிக்குள் போட்டுவிடுவார்கள். பிறகு விளக்கு எந்தத் தோளின் பக்கம் இருக்க வேண்டும், அடுப்புத் திருகில் தொட்டால் தெரியும் புள்ளியை எங்கே ஒட்டுவது என்று வீட்டோடு ஒட்டிய வேலைகள்.

மெடிகேரில் இந்தப் பெரியம்மாவுக்குக் கிடைப்பது விசித்திரமான பாதி. (கிரீன் கார்டோடு ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்த 65 வயதானவர்கள் சந்தா கட்டி இதில் சேரலாம்.) வைத்தியர் எழுதிக் கொடுத்தால், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் பயிற்சி பெறலாம், மற்ற நோயாளிகளுக்கு உள்ள அதே உரிமை பார்வை குன்றியவர்களுக்கும் உண்டு என்று 2002இல் மெடிகேர் நிர்வாகம் எழுத்தில் தெளிவுபடுத்தியது. ஆண்டுதோறும் முதலில் தானே கட்டவேண்டிய தொகை (முதற்கழிவு) போக, மிச்சத்தில் 20 சதவீதத்தை அவர் கட்ட வேண்டும். ஆனால் கருவிக்குச் சல்லிக்காசு கிடையாது. 1965ஆம் ஆண்டுச் சட்டமே மூக்குக்கண்ணாடியை விலக்கி வைத்தது. 2008இல் வந்த விதி அந்த விலக்கை விரித்து, ஒரு லென்ஸ் இருந்தாலும் போதும், பார்வைக்கு உதவும் எந்தக் கருவிக்கும் பணமில்லை என்று சொல்லிவிட்டது. கமெரா வைத்து எழுத்தைத் திரையில் பெருப்பித்துக் காட்டும் திரைக்கருவியும் அதில் அகப்பட்டுக்கொண்டது.

இதே கண்ணில், இரத்தக்குழாய் கசிகிற ஈரவகைச் சிதைவு இருந்தால், விழிக்குள் போடும் ஊசிமருந்துக்கு மெடிகேர் பணம் கொடுக்கும். அப்படியொரு மருந்தான அய்லியா 2011இல் சந்தைக்கு வந்தபோது, அதன் பட்டியல் விலை ஊசி ஒன்றுக்கு 1,850 டொலர். அதையும் திரும்பத் திரும்பப் போட வேண்டும். அதைக் கொடுக்கத் தயங்காத காப்புறுதி, நூறு டொலருக்குள் முடிகிற பூதக்கண்ணாடியை மறுக்கிறது. இன்னும் மோசமானது வெள்ளைப்பிரம்பு. சாதாரண ஊன்றுகோலுக்கு மெடிகேர் பணம் தரும், வெள்ளைப்பிரம்புக்குத் தராது. அது அடையாளத்துக்கும் தன்னுதவிக்குமான பொருளாம், நோயின் சிகிச்சைக்குப் பங்களிப்பதில்லையாம். காரணம் இப்படியே ஏட்டில் இருக்கிறது.

பயிற்சியிலும் ஒரு முடிச்சு உண்டு. குறைபார்வைக்கென்றே படித்த பயிற்றுநர்களும், வெள்ளைப்பிரம்பு நடை பழக்குகிறவர்களும் மெடிகேருக்குத் தாங்களாகக் கணக்கு அனுப்ப முடியாது. அவர்களையும் சேர்த்துப் பார்க்க 2006 முதல் 2011 வரை நியூயோர்க் நகரம், அட்லாண்டா, வட கரோலினா உட்பட ஆறு இடங்களில் ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. மிகச் சிலரே பயன்படுத்தினார்கள். திட்டம் அத்தோடு நின்றது. ஆள் வரவில்லை என்பதைத் தேவை இல்லை என்று வாசிப்பது எனக்கு ஒப்பவில்லை. கருவி கையில் இல்லாதவருக்கு வெறும் பயிற்சியைக் கொடுத்தால் எத்தனை பேர் வருவார்கள்?

அமெரிக்க அரசுக்குத் தெரியாத விடயமும் அல்ல இது. அதே மத்திய அரசு, முன்னாள் படைவீரர்களுக்கு 1948இல் இலினோயின் ஹைன்ஸ் மருத்துவமனையில் பார்வையிழப்பு மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கி, பிறகு அதைப் பதின்மூன்று நிலையங்களாக வளர்த்தது. தங்கிப் படிக்கலாம், கருவியும் அங்கேயே கிடைக்கும். 2008இல் வெளியான படைவீரர் ஆய்வொன்று, 126 பேரை வைத்து, கருவியும் பயிற்சியும் சேர்ந்து கிடைத்தவர்களின் வாசிப்புத் திறன் தெளிவாக உயர்ந்ததைக் காட்டியது. படைவீரனின் தாய்க்கு மட்டும் அந்தக் கதவு திறக்காது.

ஒன்ராறியோவுக்கு வருவோம். இங்கே பயிற்சிக்கும் கருவிக்கும் வாசல்கள் இரண்டு, ஆனால் இரண்டும் திறந்திருக்கின்றன. மாகாணம் பணம் கொடுக்கும் பார்வையிழப்பு மறுவாழ்வு அமைப்பு பயிற்சியை இலவசமாகத் தருகிறது. கருவிக்கு, மாகாணத்தின் 'உதவிக் கருவிகள் திட்டம்', தான் அங்கீகரித்த விலையில் 75 சதவீதத்தைக் கட்டுகிறது. பூதக்கண்ணாடி, திரைக்கருவி, வெள்ளைப்பிரம்பு எல்லாம் இதற்குள் அடங்கும். வருமானம் எவ்வளவு என்று கேட்பதில்லை. சமூகநல உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு முழுத்தொகையும் கிடைக்கும்.

75 சதவீதம் காதுக்கு இனிமையானது. ஆனால் திரைக்கருவி 3,000 டொலர் என்றால் மிச்சம் 750 டொலர். ஓய்வூதியத்தில் வாழ்கிற பெரியம்மா, "எனக்கு எதுக்கு இந்த வயதில்" என்று சொல்லிவிட அந்த 750 தாராளமாகப் போதும். உதவித்தொகை வாங்கும் அளவுக்கு ஏழை இல்லாமலும், கேட்டதும் காசு எடுத்து வைக்க முடியாமலும் இருக்கிறவர்கள்தான் இந்த இடைவெளியில் விழுகிறார்கள். அதோடு, திட்டத்தில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் படிவத்தில் ஒப்பமிட வேண்டும், பதிவுபெற்ற விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். இதை அறியாமல் பிள்ளைகள் இணையத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டால் பணம் திரும்பாது.

கியூபெக் பணத்தைக் கையில் கொடுப்பதில்லை, கருவியையே கடனாகக் கொடுக்கிறது. மாகாணக் காப்புறுதி சபையின் சொத்தாகவே கருவி இருக்கும். பெரியம்மா ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. திருத்தக் கண்ணாடி போட்ட பிறகும் இரு கண்களிலும் பார்வை 6/21ஐ விடக் குறைவாக இருந்தால் தகுதி உண்டு. பார்வைப் புலம், அதாவது ஒரே பார்வையில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு, ஒடுங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, கருவியைக் கொடுப்பதே மறுவாழ்வு நிலையம்தான் என்பது. லோங்கேயிலுள்ள நசரேத்-லூயி பிரெய்ல் நிலையத்திலோ, மொன்றியலின் லெத்பிரிட்ஜ்-லேற்றன்-மக்கே நிலையத்திலோ கண்ணைச் சோதிக்கிறவரும், கண்ணாடியைத் தெரிவு செய்கிறவரும், பிடிக்கப் பழக்குகிறவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். நோய் முற்றினால் பழையதைக் கொடுத்துவிட்டு, மறு மதிப்பீட்டின்படி வேறொன்று கேட்கலாம். மக்யுலா சிதைவு கூடிக்கொண்டே போகிற நோய் என்பதால் இது சின்ன வசதி அல்ல. ஒன்ராறியோவில் உங்கள் 25 சதவீதம் போட்டு வாங்கிய கருவி இரண்டு வருடத்தில் சக்தி போதாமல் போனால், அது லாச்சியில்தான் கிடக்கும்.

குறையும் உண்டு. பட்டியலில் இருப்பதுதான் கிடைக்கும். கடையில் பார்த்துப் பிடித்ததைக் கேட்க முடியாது. தமிழ் மட்டும் தெரிந்த முதியவருக்கு பிரெஞ்சு அல்லது ஆங்கிலம் தெரிந்த ஒருவர் கூடவே போக வேண்டியிருக்கும். அப்படியிருந்தும் என் தராசில் கியூபெக்தான் முதலிடம். ஒன்ராறியோ, தட்டுத்தடுமாறிப் போனாலும் சேரவேண்டிய இடத்தில் சேர்க்கிறது. மெடிகேர் கடைசி.

மெடிகேர் பக்கம் நியாயம் ஒன்றும் இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. 2016இலிருந்து ஐபோனிலேயே பூதக்கண்ணாடி வசதி வருகிறது. திரைக்கருவி செய்கிற வேலையில் கணிசமானதை மகனின் பழைய கைப்பேசி செய்துவிடும். கருவி மலிய மலிய, அருமையாகிப் போவது கற்றுத் தருகிறவரின் நேரம்தான். அந்த நேரத்துக்கு மெடிகேர் பணம் கொடுக்கிறது என்பதை அமெரிக்காவில் உள்ளவர்கள் பலர் கேட்டுப் பார்ப்பதே இல்லை. விழித்திரை வைத்தியரிடம் அடுத்த முறை போகும்போது, குறைபார்வைப் பயிற்சிக்குப் பரிந்துரை எழுதித் தரும்படி வாய்விட்டுக் கேளுங்கள்.

மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கு, பிள்ளைகளோடு இருக்க வருகிற பெற்றோருக்கு ஒன்று: கடன் கொடுத்த கருவி கியூபெக் காப்புறுதி உள்ளவரைதான் உங்களுடையது. வந்ததும் முதல் வேலையாக ஒன்ராறியோ சுகாதார அட்டை, இரண்டாவது வேலையாகப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரைச் சந்திக்க ஒரு நாள் குறிப்பது. பழைய கருவியின் பெயரையும் சக்தியையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வந்தால், மதிப்பீட்டாளர் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்காது.