3,450 ரூபாய் கொடுத்து வாங்கிய இட்லிச் சட்டி

மதுரையில் மழைக்கோட்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 3,450 ரூபாய் போன வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு அம்மாவோடு திருப்பரங்குன்றம் கிரிவலம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு குடையையும் தூக்கி நடப்பது சிரமம் என்று, டவுனுக்குள் மலையேற்றச் சாமான் விற்கும் கடை ஒன்றில் ஏறினேன். கடைக்காரத் தம்பி கோட்டின் கையை விரித்துப் பிடித்து, தான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே கவிழ்த்தார். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது. "அண்ணே, இது மூச்சு விடுற துணி. வேர்வை வெளியே போயிரும், மழை உள்ளே வராது." அம்மாவுக்கு நாற்காலி, எனக்குக் காபி. அங்கேதான் விழுந்தேன். பேரம்கூடப் பேசாமல் 3,450 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

பாதி தூரம்கூடச் சுற்றவில்லை, மழை பிடித்தது. பத்தே நிமிடத்தில் கோட்டுக்குள் இட்லி அவிக்கலாம். உள்ளே இருக்கும் ஈரத்தைவிட வெளிக்காற்று காய்ந்திருந்தால்தான் அந்தத் துணி வழியாக வியர்வை ஆவி வெளியேறுமாம். குளிர் ஊருக்குச் சரி. நம்ம ஊர் மழைப் புழுக்கத்தில் வெளியேயும் அதே ஈரம்தானே? அதையாவது பொறுக்கலாம், தோள் தையல் வழியாகத் தண்ணீரே இறங்கியது. டீக்கடையில் ஒதுங்கி, கழற்றிப் புரட்டிப் பார்த்தேன். தலைமூடித் தையலில் மட்டும் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறது. தோளிலும் அக்குளிலும் வெறும் ஊசித் துளை. நான் பனியனைப் பிழிய, அம்மா தன் பழைய கறுப்புக் குடைக்குள் முந்தானை நனையாமல் நின்று சிரித்தார்.

மறுநாள் போனால், "ஓனர் மூணு மணிக்கு வருவார்ண்ணே." மூன்று மணிக்குப் போனால், "போட்டுட்டீங்களே, போட்டதை எப்படி எடுக்கிறது?" மூன்றாம் முறை, "மழையில போட்டா லேசா நனையத்தாண்ணே செய்யும்." மழைக்கோட்டை மழையில் போடாமல் சித்திரைத் திருவிழாவுக்கா போடுவார்கள்? அன்றைக்குக் காபி இல்லை.

எதை வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. தண்ணீர் ஊற்றிக் காட்டினால் நம்பாதீர்கள், அது மேல்பூச்சு வித்தை. உள்பக்கம் புரட்டி எல்லாத் தையலிலும் டேப் இருக்கிறதா பாருங்கள். புழுக்கம் வெளியேற அக்குளில் திறக்கும் ஜிப் இல்லாத கோட்டு நடைக்கு ஆகாது. காற்று அடிக்காத மழைக்குப் பெரிய குடையே போதும். அப்புறம் பில். பில்லில் வேறு கெடு போடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி தப்பு. புகாருக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் அடிக்கலாம்.

நானும் அடித்தேன். பில் இருக்கிறதா என்றார்கள். என்னிடம் இருப்பது ஒரு துண்டுச்சீட்டு. 'கோட்டு 1, 3450' என்று பேனாவில் எழுதியிருக்கிறது, கடைப் பெயர்கூட இல்லை.