பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்ற எந்த வழி? ஒரே பாட்டுக் கேசட்டை நான்கு விதமாக எடுத்துப் பார்த்தேன்

அப்பா 1987-இல் சவுதியின் தம்மாமிலிருந்து பேசி அனுப்பிய கேசட் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. டிடிகே டி60, 60 நிமிடக் கேசட். அப்போது எங்கள் தெருவில் யார் வீட்டிலும் போன் கிடையாது. டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுவார்கள். வளைகுடாவுக்கு ஆள் போன குடும்பங்களில் இப்படி ஒன்றிரண்டு கேசட்டாவது பீரோவில் கிடக்கும். அவற்றைக் கணினிக்கு எப்படி மாற்றுவது என்று பலரும் கேட்பதால், நான் முயன்று பார்த்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சோதனைக்கு அப்பாவின் கேசட்டைத் தொடவே இல்லை. கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றைத்தான் நான்கு வழிக்கும் பயன்படுத்தினேன். அதில் ஒரு வசதி உண்டு. பாட்டின் நீளம் நமக்குத் தெரியும், அதனால் எந்த இயந்திரம் வேகமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அப்போது அப்பாவின் கேசட்டில் செய்தது ஒரே வேலைதான்: மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்தேன். இனி யாராவது தெரியாமல் ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினாலும் அழியாது.

முதல் வழி, ஆன்லைனில் கிடைக்கும் உள்ளங்கை அளவு யூஎஸ்பி கேசட் பிளேயர். நான் வாங்கியது 1,900 ரூபாய். ஒரே வயர், கணினியில் செருகினால் உடனே தெரிகிறது. வசதி என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை. ஆனால் 5 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 51 விநாடியில் முடிந்துவிட்டது. அதாவது 3 சதவீத வேகம் கூடுதல். சுருதியில் சொன்னால் கிட்டத்தட்ட கால் கட்டை ஏறிவிடுகிறது. ஒரே சீராக ஏறினால் பரவாயில்லை, பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். இதில் வேகம் கூடிக் குறைந்து ஆடுகிறது. நீட்டிப் பிடிக்கும் நாதஸ்வர ஒலி நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைப் பிறகு எடுப்பது மிகக் கடினம். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அவ்வளவு மெதுவான ஓட்டத்தில் மோட்டாரோ பெல்ட்டோ சிறிது தடுமாறினாலும் காதுக்குத் தெரியும். வயரும் பெட்டியும் எவ்வளவு நவீனமாக இருந்தாலும், நாடாவை இழுக்கும் பகுதி மலிவாக இருந்தால் பயனில்லை. பேச்சு மட்டும் உள்ள, வேறு பிரதியும் இருக்கிற கேசட்டுக்கு இது போதும். மற்றவற்றுக்கு வேண்டாம்.

இரண்டாவது, வீட்டில் கிடக்கும் டூ-இன்-ஒன்னின் ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர். செலவு மிகக் குறைவு என்பதால் பெரும்பாலோர் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போதைய லேப்டாப்பில் ஒரே துளைதான். முனையில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள சாதாரண வயரைச் செருகினால் ஹெட்போன் என்று எடுத்துக்கொள்ளும், ஒலி உள்ளே வராது. மைக்கையும் ஹெட்போனையும் பிரிக்கும் அடாப்டர் போட்டால் வரும். ஆனால் அது மைக்குக்கான வழி. ஒற்றைச் சானல், சில மில்லிவோல்ட் ஒலிக்காக உருவானது. டூ-இன்-ஒன்னின் வால்யூமைக் கொஞ்சம் கூட்டினாலே கரகரவென்று உடைகிறது. குறைத்தால் இரைச்சல் மேலே வருகிறது.

பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நல்ல செய்தி. பின்பக்கம் மூன்று துளைகள் இருக்கும். பச்சை வெளியே போவது, இளஞ்சிவப்பு மைக், நீலம் லைன்-இன் (வெளிக் கருவியின் ஒலியை உள்ளே எடுப்பது). அந்த நீலத் துளை ஸ்டீரியோ, இந்த வேலைக்கென்றே வைத்தது. அது இருந்தால் அடுத்து நான் சொல்லும் யூஎஸ்பி கார்டுகூடத் தேவையில்லை.

மூன்றாவது வழிதான் நான் நின்ற இடம்: பழுது பார்த்த பழைய கேசட் டெக் (ஸ்டீரியோவோடு இணைக்கும் கேசட் பெட்டி), அதன் லைன்-அவுட்டிலிருந்து சிவப்பு வெள்ளை வயர், ஒலியைக் கணினிக்குள் எடுக்கும் ஒரு யூஎஸ்பி ஒலி கார்டு, கணினியில் ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள். டெக் உறவினர் வீட்டுப் பரணில் கிடந்தது. பெல்ட் தார் மாதிரி உருகிப் போயிருந்தது. மெக்கானிக் பெல்ட் மாற்றிக் கொடுத்தார். ஹெட்டையும் (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பகுதி) ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் நானே துடைத்தேன். பஞ்சு பழுப்பு நிறமாக வந்தது, நான்காவது பஞ்சுதான் வெள்ளையாக நின்றது. கார்டு, பெஹ்ரிங்கர் யூசிஏ222. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் நுணுக்கம் வரை எடுக்கும். உள்ளே வரும் ஒலி அளவைக் கூட்டக் குறைக்கத் திருகு கிடையாது, அது ஒரு குறைதான். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்றவற்றில் திருகும் உண்டு, 24 பிட்டும் உண்டு. வீட்டில் பாடிப் பதிவு செய்கிறவர்கள் அதையே வாங்கலாம். கேசட்டுக்காக மட்டும் என்றால் அவசியமில்லை. நாடாவின் சொந்த இரைச்சலே 16 பிட்டின் எல்லைக்கு வெகு மேலே இருக்கிறது.

அதே பாட்டு இந்த டெக்கில் 4 நிமிடம் 59 விநாடி. நாதஸ்வரம் நடுங்கவில்லை.

சரி, இனி கணினி செய்யும் தொல்லைகள். ஒலி கார்டைச் செருகியும் ஆடாசிட்டியில் கோடு நேராகவே போனால், விண்டோஸில் தனியுரிமை அமைப்புக்குள் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள். நாம் செருகியது மைக் இல்லை என்றாலும் விண்டோஸுக்கு எல்லாம் ஒன்றுதான். பாட்டு திடீரென்று மங்கி மறைந்தால் ஒலி அமைப்பில் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்று இருப்பதை அணைக்க வேண்டும். அது வீடியோ அழைப்புக்காகப் பின்னணிச் சத்தத்தை நீக்கும் ஏற்பாடு. நம் ஹார்மோனியமும் தபேலாவும் அதன் கணக்கில் பின்னணிச் சத்தம். ஒரு பக்கம் மட்டும் பதிவானால் ஆடாசிட்டியில் ஸ்டீரியோ தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். நடுநடுவே டிக் டிக் என்று வெட்டினால் யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகுங்கள், பிரவுசரை மூடுங்கள்.

‘ஊம்’ என்ற அடிச்சத்தம் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. வயரை மாற்றினேன், கார்டை வேறு துளையில் மாட்டினேன், போகவில்லை. கடைசியில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது. டெக்கும் சார்ஜரும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால் எர்த் வழியாக 50 ஹெர்ட்ஸ் சுற்றிக்கொண்டு உள்ளே வரும். இப்போதெல்லாம் பேட்டரியை நிரப்பிவிட்டு, சார்ஜர் இல்லாமல்தான் பதிவு செய்கிறேன். அப்போது லேப்டாப் தானாகத் தூங்கப் போகாதபடி அமைத்துவிட வேண்டும்.

மூன்றாவது வழியை நான் உயர்த்திச் சொல்ல உண்மையான காரணம் வேறு. டெக்கின் மூடியைக் கழற்றினால் ஹெட் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். ஹெட்டின் சாய்மானத்தை அதுதான் தீர்மானிக்கிறது. அப்பா பேசிப் பதிந்த டூ-இன்-ஒன்னில் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்திருக்க வேண்டும். அதனால் நேராக நிற்கும் ஹெட்டில் போட்டால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. கேசட்டை ஓடவிட்டு, அந்தத் திருகை அரைக்கால் சுற்று, அதற்கும் குறைவாக, மெல்லத் திருப்பினேன். ஓரிடத்தில் ‘ச’, ‘ஸ’ எல்லாம் பளிச்சென்று திறந்தது. அப்பா சின்னம்மாவை நலம் விசாரிக்கும் இடத்தில், பின்னால் யாரோ “அண்ணே, சோறு ஆறுது” என்று கூப்பிடுகிறார். வீட்டில் எத்தனையோ முறை போட்டுக் கேட்ட கேசட். அந்தக் குரல் எங்களில் ஒருவருக்கும் கேட்டதில்லை. நான் வாங்கிய யூஎஸ்பி பிளேயரில் இதையெல்லாம் செய்ய இடம் இல்லை. வேலை முடிந்ததும் பாட்டுக் கேசட்டைப் போட்டு, திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அப்புறம், நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான். வீட்டு டூ-இன்-ஒன்னில் பதிந்த பேச்சுக்கு அதை அணைத்தே வையுங்கள், போட்டால் குரல் மங்கும். டால்பி என்று அச்சிட்ட கேசட்டுக்கு மட்டும் போடுங்கள். இப்போது புதிதாக வரும் பிளேயர்களில் அந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. பழைய டெக்கைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்காவது, கடையில் கொடுத்து மாற்றுவது. பாட்டுக் கேசட்டைத்தான் கொடுத்தேன். வந்தது 128 கேபிபிஎஸ் எம்பி3, இரண்டு பக்கமும் ஒரே கோப்பில், முதல் சில விநாடிகள் வெட்டுப்பட்டு. இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலையும் சேர்த்து அரித்திருந்தார்கள். தண்ணீருக்குள் பாடுவது போல இருந்தது. எல்லாக் கடையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: சுத்தம் செய்யாத வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு வேண்டும், பக்கத்துக்கு ஒரு கோப்பு வேண்டும். ஆனால் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால், வீட்டு டெக்கில் போடவே போடாதீர்கள். அடுத்தடுத்த கேசட்டுக்கும் அது ஒட்டும். அதற்கு விஷயம் தெரிந்த ஆள்தான் வேண்டும். நாடா அறுந்திருந்தாலும், ஹெட்டோடு நாடாவை அழுத்தும் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தாலும் அப்படித்தான்.

கணினியே ஒத்துழைக்காதவர்கள் ஜூம் எச்1என் போன்ற கைப் பதிவுக் கருவியின் துளையில் டெக்கை நேராகச் செருகிவிடலாம். கேசட் வேலைக்காக மட்டும் வாங்குவது அதிகச் செலவு, இரவல் கிடைத்தால் அருமை.

பதியும்போது உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றலாம், உடைந்ததை ஒட்ட முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் 60 நிமிடக் கேசட் சுமார் 690 எம்பி. ஃபிளாக் (FLAC) கோப்பாக மாற்றினால் இன்னும் சுருங்கும், தரம் குறையாது. எம்பி3 உறவினர்களுக்கு அனுப்ப மட்டும். கோப்பின் பெயரிலேயே ஆண்டு, பேசியவர், எந்தப் பக்கம் என்பதை எழுதிவிடுங்கள். ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்கில், இன்னொன்று வேறு ஊரில். எங்களுடையது சின்னம்மா வீட்டில் இருக்கிறது. கேசட்டையும் எறிந்துவிடவில்லை, முழுவதும் சுற்றி, டப்பாவில் நிமிர்த்தி, சுவரில் ஓதம் ஏறாத அலமாரியில் வைத்திருக்கிறேன்.