மினி ஸ்ட்ராண்ட்பீஸ்ட் கிட்: இயற்பியலும் சிற்பமும் ஒரே பெட்டிக்குள்

சிற்பி தியோ யான்சனின் ‘ஸ்ட்ராண்ட்பீஸ்ட்’ என்ற பல கால் உருவம் காற்றின் வலுவில் கடற்கரையில் நடக்கும் காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால் ஏன் அப்படி நகர்கிறது என்பது எத்தனை முறை பார்த்தாலும் பிடிபடாது. கையால் கோத்தால் பிடிபட்டுவிடும். அதன் சிறு மாதிரியை நாமே கோத்துச் செய்யும் இந்தக் கிட்டை வாங்க அந்த ஒரு காரணமே போதும்.

நெதர்லாந்துக்காரரான யான்சன் 1948இல் பிறந்தவர். டெல்ஃப்டில் இயற்பியல் படித்துவிட்டு ஓவியத்துக்குத் திரும்பியவர். 1990 முதல் வீட்டு வயரிங்குக்கான மஞ்சள் பிவிசி குழாய்களைக் கொண்டு, காற்றில் நடக்கும் உருவங்களைச் செய்துவருகிறார். கால் கம்பிகளின் நீளத்தை அவர் மனம்போன போக்கில் வைக்கவில்லை. அட்டாரி கணினியில் 1500 கால்களை உருவாக்கி, நன்றாக நடக்கும் 100ஐ மட்டும் எடுத்து, அவற்றைக் கலந்து மீண்டும் 1500 என்று மாதக்கணக்கில் ஓடவிட்டார். ஒவ்வொரு காலிலும் இரண்டு முக்கோணங்கள் உண்டு; அச்சோடு சுற்றிக் காலை இயக்கும் கைப்பிடி போன்ற பகுதிதான் கிராங்க். கிராங்கின் நீளம் 15 என்றால், மேல் முக்கோணத்தின் பக்கங்கள் 41.5, 55.8, 40.1. பாதம் உள்ள கீழ் முக்கோணத்துக்கு 36.7, 49, 65.7. இந்த விகிதத்தில்தான் பாதம் தரையைத் தொடும் நேரமெல்லாம் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது. உடம்பு ஏறி இறங்குவதில்லை.

கிட்டில் 12 கால்கள், ஒரே கிராங்க் அச்சில் ஆறு ஜோடிகளாக வரும். பசை வேண்டாம், துண்டுகளை அழுத்தினால் ‘டிக்’ என்று பொருந்தும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றைக் கையால் பிய்க்காமல் நிப்பரால் (சிறு வெட்டுக் குறடு) வெட்டுங்கள். மூட்டில் பிசிறு மிஞ்சினால் அந்தக் கால் இறுகிவிடும். சிறு காற்றுக்கு அதை அசைக்கும் வலு கிடையாது. ஒவ்வொரு காலையும் கோத்த உடனே தூக்கிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தன் எடையிலேயே தொங்கி விழ வேண்டும்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் கிராங்க். அடுத்தடுத்த கிராங்குகளுக்கு இடையே 120 பாகை இருக்க வேண்டும். அச்சை முனையிலிருந்து பார்த்தால் மூன்று திசைகள் தெரிய வேண்டும். இரண்டு திசை மட்டும் தெரிந்தால் ஒரு துண்டு தவறாக மாட்டியிருக்கிறது. அப்படியே விட்டால் ஒரே நேரத்தில் பல கால்கள் தூக்கிக்கொண்டு, உருவம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முன்கால், பின்கால் இடம் மாறுவதும் அடிக்கடி நடக்கும் பிழை; ஆறு ஆறாகப் பிரித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முடித்ததும் காற்றாடியை மாட்டும் முன் கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஒரு பாதத்துக்குப் பின்னால் தாளை நிறுத்தி, அது போகும் இடங்களில் புள்ளி வையுங்கள். அடி தட்டையாகவும் மேல்புறம் வளைந்தும் ஒரு வடிவம் கிடைக்கும். அந்தக் கணினி தேடியது அந்த வடிவத்தைத்தான். கிட்டின் மிக அழகான நிமிடம் இது, தவறவிடாதீர்கள்.

மூட்டுகளுக்கு எண்ணெய் போடாதீர்கள், தூசி ஒட்டும். பென்சில் கரித்தூள் போதும். பளபளப்பான டைல்ஸில் பாதம் வழுக்கும். கோரைப்பாய் விரித்தால் நன்றாக நடக்கும். டேபிள் ஃபேனைக் காற்றாடிக்கு நேராகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். மெல்லிய பாதங்கள் உலர்ந்த மணலில் புதையும், அதனால் கடற்கரைக்குக் கொண்டுபோனால் அலை நனைத்து இறுகிய மணலில் மட்டும் விடுங்கள்.