சால்மன் பிடிக்க எங்கே போவது: நார்வேயா, ஐஸ்லாந்தா, ஸ்காட்லாந்தா?

2024 ஜூன் 23 அன்று நார்வே 33 ஆறுகளில் சால்மன் பிடிக்கத் தடை விதித்தது. பருவம் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பி வந்த மீன்கள் அவ்வளவு குறைவு. கௌலா, ஓர்க்லா போன்ற பேர்போன ஆறுகளும் அதில் அடக்கம். ஜூலைக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களின் பயணம் ஒரே நாளில் பாழானது.

ஆகவே இந்த மூன்று நாடுகளையும் ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது மீனின் எடையை அல்ல. போய்ச் சேரும் நாளில் ஆறு திறந்திருக்குமா என்பதைத்தான் பார்க்கிறேன்.

பெரிய மீனுக்கு இன்றும் நார்வேதான். ஆல்டா ஆற்றில் 20 கிலோவைத் தாண்டும் சால்மன் உண்டு. ஆனால் நிச்சயமின்மையும் அங்கேதான் அதிகம். வடகோடியில் உள்ள தானா ஆற்றில் 2021-லேயே சால்மன் பிடிப்பை நிறுத்திவிட்டார்கள். பெரியவர்கள் அரசுக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆற்றுக்குத் தனி உரிமமும் வேண்டும். வேறு ஆற்றில் நனைந்த நீர்புகா உடை, வலை, தூண்டில் அனைத்தையும் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். இதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். 1970-களில் நுழைந்த ஓர் ஒட்டுண்ணி சுமார் 50 நார்வே ஆறுகளில் சால்மன் குஞ்சுகளைத் தின்று தீர்த்தது. ஈரம் காயாத ஒரு வலை போதும், அந்த ஒட்டுண்ணி இன்னோர் ஆற்றுக்குப் போய்விடும்.

ஐஸ்லாந்தில் செலவு அதிகம், மீன் சற்றுச் சிறியது, ஒழுங்கு பிரமாதம். ஓர் ஆற்றில் ஒரு நாளில் எத்தனை தூண்டில் இறங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. நடுப்பகலில் ஆற்றுக்கு ஓய்வு. ரங்கா ஆறுகளில் குஞ்சுகளை வளர்த்து விடுவதால் மீன் கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இயற்கையாகப் பிறந்த மீனைத் தேடுபவர்களுக்கு வடகிழக்கு ஆறுகளே பொருத்தம். கவலை வேறிடத்தில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் மேற்குக் கரையில் ஒரு பண்ணைக் கூண்டிலிருந்து சுமார் 3,500 சால்மன்கள் தப்பி, பல ஆறுகளில் ஏறின. இயற்கையாகப் பிறந்த மீனோடு அவை கலந்தால் வம்சமே கெடும். அவற்றை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள்: துடுப்புகள் தேய்ந்து மழுங்கியிருக்கும், வாலின் கூர்முனைகள் உருண்டிருக்கும், செவுள்மூடி குறைபட்டிருக்கும். பிடித்தால் திரும்ப விடாமல் அங்குள்ள பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

ஸ்காட்லாந்தில் ஆற்றின் ஒரு பகுதியை நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ வாடகைக்கு எடுக்கலாம். அரசு உரிமம் பெரும்பாலும் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கக் கூடாது. டே, ஸ்பே, டீ, ட்வீட் என்று ஆறுகளுக்குப் பஞ்சமில்லை. மீனுக்குத்தான் பஞ்சம். 1952-இல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து 2023-இல்தான் மிகக் குறைவாகப் பிடிபட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. பிடித்ததில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அங்கே மீண்டும் ஆற்றுக்கே போகிறது.

முதல்முறை போகிறவருக்கு நான் ஐஸ்லாந்தைச் சொல்வேன். கையில் பணம் குறைவென்றால் ஸ்காட்லாந்து, அதுவும் இலையுதிர் காலத்தில். நார்வேக்குப் போவதானால், ஆறு மூடப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள். எங்கே போனாலும் எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைப் பயன்படுத்துங்கள். திரும்ப விடும் மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்காமல், தலை நீரோட்டத்தை எதிர்த்திருக்கும்படி பிடித்திருங்கள். செவுள் சீராக அசைந்து, தானாக வாலை உதறிப் போகும் வரை.