அழுக்கு போனது, தேய்மானம் போகவில்லை: கார்ப்பெட், டைல்ஸ் ஜாயின்ட் கழுவிய அனுபவம்

அம்மாவின் அறையில் கட்டிலிலிருந்து கதவு வரை கார்ப்பெட்டில் ஒரு கறுப்புத் தடம். நாலு வருஷமாக அவருடைய சக்கர நாற்காலி போய்வந்த வழி அது. மற்ற இடமெல்லாம் வெளிர் சாம்பல் நிறம், அந்தத் தடம் மட்டும் கரி பூசியது போல. ஜன்னலோரம் பூனை மூத்திரம் அடித்த மூலை ஒன்று. இதோடு சமையலறையில் டைல்ஸ் ஜாயின்ட் அத்தனையும் பிசுக்கேறிக் கறுத்துக் கிடந்தது. இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் வந்தார்கள், ஒன்றரை நாள் வேலை.

வந்ததும் மெஷினை இறக்குவார்கள் என்று நினைத்தேன். மூத்தவர் முதலில் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். தடத்தின் மேல் டார்ச் அடித்து, விரலால் இழைகளை விலக்கி அடிவரை பார்த்தார். பிறகு சொன்னார்: "பாருங்கம்மா, இதுல பாதிதான் அழுக்கு. மீதி தேய்மானம். அழுக்கை எடுத்துடுவேன், தேய்மானத்தை என்னால எடுக்க முடியாது." சக்கரத்தோடும் காலோடும் வரும் மணல் துகள் இழைகளை அறுத்துக்கொண்டே இருக்குமாம். கீறல் விழுந்த இழை வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அதனால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மங்கலாகவே தெரியும். கேட்டதும் மனசு வாடிவிட்டது. ஆனால் வேலை தொடங்கும் முன்பே அதைச் சொன்னாரே, இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அடுத்து ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையைப் பிடுங்கி, வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சியில் காட்டினார். உருகிக் குட்டி மணிபோலச் சுருண்டது. செயற்கை இழை என்றார். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், காரத்தன்மை (சோடா மாதிரி, அமிலத்துக்கு நேரெதிர்) அதிகமான மருந்தை அது தாங்காது, வேறு மருந்துதான் போட வேண்டும். இதைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் தெளிக்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

முதல் வேலை வேக்யூம் மட்டும்தான், முக்கால் மணி நேரம். நான் வாரா வாரம் வேக்யூம் போடுகிறவள். அப்படியிருந்தும் அந்த ஒரு தடத்திலிருந்து வந்ததைக் காகிதத்தில் கொட்டிக் காட்டியபோது இரண்டு கை அள்ளும் அளவுக்கு நைஸ் மணல். இதை எடுக்காமல் தண்ணீர் விட்டால் உள்ளே சேறாகிவிடும். பிறகு மருந்து தெளித்து, கால் மணி நேரம் காய்ந்துபோகாமல் ஊறவிட்டு, பிரஷ் மெஷினால் தேய்த்தார்கள். அதற்கப்புறம்தான் சூடான தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்தி அதே நொடியில் உறிஞ்சி எடுக்கும் மெஷின். இதை ஸ்டீம் கிளீனிங் என்று சொல்கிறார்கள், உண்மையில் வெந்நீர்தான். உறிஞ்சும் குழாயில் ஒரு துண்டு கண்ணாடி மாதிரி இருக்கிறது, உள்ளே ஓடுகிற தண்ணீர் தெரியும். முதலில் மையைக் கரைத்துவிட்டது போல் ஓடியது. நாலாவது இழுப்பில் சாம்பல், ஏழாவதில் தெளிவு. தெளிவாகும்வரை அவர் நகரவில்லை.

கடைசி அலசலுக்கு லேசான அமிலம் கலந்த தண்ணீர் விட்டார். சோப்பின் மிச்சம் இழையில் தங்கினால் அது பிசுபிசுத்துப் புது அழுக்கை இழுத்துப் பிடிக்கும். நானே வாங்கி ஷாம்பு போட்டபோதெல்லாம் கார்ப்பெட் ஏன் முன்னைவிடச் சீக்கிரம் அழுக்கானது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பூனை மூலையில் கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் இருக்கும் மெத்தையில் மஞ்சள் வட்டம், மேலே தெரிந்த கறையைவிட இரண்டு மடங்கு பெரிசு. மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் படிகமாகிவிட்டால் தண்ணீரில் எளிதில் கரையாது, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் வாடை திரும்பும். மெத்தையில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றி, மேலே மூத்திரக் கழிவைச் சிதைக்கும் என்சைம் மருந்து ஊற்றினார். இன்றுவரை வாடை இல்லை.

குறை ஒன்று உண்டு, சின்னதில்லை. சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் என்று சொல்லி ஒரே ஒரு ஃபேனை வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் மதியம் வரை கையை வைத்தால் ஈரம். அம்மாவை இரண்டு ராத்திரி கூடத்தில் படுக்கவைக்க வேண்டியதாயிற்று, அவருக்கு அது பெரிய சிரமம். மூன்றாம் நாள் கதவருகே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை மேலே வந்துவிட்டது. அடியில் தங்கிய ஈரம் காயும்போது அங்கே இருக்கும் அழுக்கையும் இழை வழியாக மேலே ஏற்றிவிடுகிறது, விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல. போன் செய்தேன். தட்டிக்கழிக்காமல் ஐந்தாம் நாள் வந்து, அந்த இடத்தை மட்டும் மறுபடி அலசி, கெட்டித் துணியால் அழுத்தி ஒற்றி, இரண்டு ஃபேன் போட்டுக் காயவைத்துவிட்டுப் போனார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. படுத்த ஆள் இருக்கிற வீடு என்று தெரிந்தும் இப்படி விட்டதற்கு என் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

சமையலறைக்கு வருகிறேன். "இதுக்கு முன்னாடி என்ன ஊத்துனீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. முந்தின நாள் ப்ளீச் ஊற்றியதைச் சொன்னேன். உடனே வெறும் தண்ணீரால் இரண்டு முறை அலசிவிட்டார். ப்ளீச்சும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. ஆசிட்டும் ஊற்றியிருக்கிறேன், பல தடவை. ஜாயின்ட் என்பது சிமென்ட். ஆசிட் அழுக்கோடு சிமென்டையும் அரித்துச் சொரசொரப்பாக்கும், அந்தச் சொரசொரப்பில் அடுத்த அழுக்கு இன்னும் ஆழமாக உட்காரும். வெள்ளையாக்குகிறேன் என்று நினைத்து நான்தான் கறுப்பாக்கியிருக்கிறேன். மாப் போடும் அழுக்குத் தண்ணீரும் டைல்ஸைவிடத் தாழ்வாக இருக்கிற ஜாயின்ட்டில்தான் போய்த் தேங்குகிறது.

எண்ணெய்ப் பிசுக்குக்குக் கார மருந்து ஊற்றி ஊறவைத்து, இளையவர் சின்ன பிரஷ்ஷால் கோடு கோடாகத் தேய்த்தார். மேலே சுழலும் மெஷின் வெந்நீரை அடித்து அடித்து உறிஞ்சியது. முதலில் ஒரு முழம் நீளம் மட்டும் செய்து காட்டி, "அக்கா, இந்த நிறம்தான் வரும், சம்மதமா?" என்றார். வெளிர் மணல் நிறம். டைல்ஸ் பதித்த நாளில் இருந்த நிறத்தை நான் மறந்தே போயிருந்தேன். ஆசிட் தின்ற இரண்டு இடங்களில் ஜாயின்ட் பொடிந்து வந்தது, சுரண்டி எடுத்துப் புதுசாகப் பூசினார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வேறொரு நாள் வந்து, ஜாயின்ட் தண்ணீரை உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் என்ற பூச்சை அடித்தார்கள்.

நாலு மாதம் ஆகிறது. அம்மா அறையில் தடம் இன்னும் தெரிகிறது, கறுப்பாக இல்லை, வெயில் படாத துணி மடிப்பு மாதிரி லேசான நிழலாக. சமையலறையில் இன்று காலை ஜாயின்ட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் முத்தாக நிற்கிறது, தொட்டிக்குக் கீழே மட்டும் உறிஞ்சிக் கருத்துவிட்டது. அங்கே இன்னொரு பூச்சு சீலர் அடிக்க வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது ஃபேன் இரண்டு கொண்டுவரச் சொல்லி, கூடத்துக் கார்ப்பெட்டையும் அவர்களிடமே கொடுக்கப் போகிறேன்.