ரிமோட்டின் ஆன்டெனா: உள்ளேயா, வெளியேயா?

என் ஆர்.சி. காரின் (ரேடியோ அலையால் ஓட்டும் சின்னக் கார்) ரிமோட் துப்பாக்கிப் பிடி வகை. தலையில் மடக்கி நிமிர்த்தும் ஆன்டெனா. மூன்றாம் வருடம் ஒருநாள், கார் இருபது அடி தாண்டியதும் சொன்ன பேச்சு கேட்காமல் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், கீலுக்கு நேர் கீழே கேபிளின் மேல்பின்னல் முடி முடியாக அறுந்து கிடந்தது. நடுக்கம்பி மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கேபிளை மாற்றி அதே கீலில் மாட்டினால் அதே கதைதான். ஆகவே இரண்டு வழிகள்: ரிமோட்டின் ஓட்டில், அதாவது வெளிக்கூட்டில், எஸ்.எம்.ஏ. என்ற மரை வைத்த கனெக்டரைப் பொருத்தி வெளியே திருகு ஆன்டெனா வைப்பது, அல்லது ஆன்டெனாவை ஓட்டுக்குள்ளேயே ஒதுக்கிவிடுவது. நான் இரண்டாவதைச் செய்தேன். என்னோடு கார் ஓட்டும் நண்பர் முதலாவதைச் செய்தார். இரண்டுக்கும் இப்போது ஒன்றரை வருட வயது.

பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் இந்தக் கேள்வியே எழாது. அந்த அலையின் நீளம் 11 மீட்டர். நீட்டி இழுக்கும் குச்சி இல்லாமல் முடியாது. என் ரிமோட் வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸில், ஆன்டெனாவுக்குப் போதுமான கால் அலை நீளம் வெறும் 31 மில்லிமீட்டர், தீக்குச்சியைவிடச் சிறியது. அறுந்த இடத்துக்குக் கீழே கேபிளை வெட்டி, நுனியில் 31 மில்லிமீட்டருக்கு மேலுறையையும் பின்னலையும் உரித்தேன். உள்ளே இருக்கும் வெள்ளை உறையைக் கீறாமல் விட வேண்டும். என் முதல் முயற்சி அங்கேதான் வீணானது. உரித்த நுனியை ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலில் செருகி, ஸ்டியரிங் சக்கரத்துக்கு மேலே ஓட்டின் உள்சுவரில் செங்குத்தாகப் பசை வைத்து ஒட்டினேன். காரின் ஆன்டெனாவும் செங்குத்தாக நிற்பதால் இதுவும் நிற்க வேண்டும். பேட்டரியும் பிடிக்கும் கையும் கீழே இருப்பது நல்லதாகப் போயிற்று. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் அழகுக்காக அந்த இடத்தில் கார்பன் ஃபைபர் தகட்டையோ உலோக ஸ்டிக்கரையோ ஒட்டினால் தொலைந்தது.

வெளி ஆன்டெனாவின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவை: உடைந்தால் ஒரு நிமிடத்தில் மாற்றலாம், வேண்டிய பக்கம் திருப்பலாம், கை மறைக்காது. தூரத்திலும் நண்பருடையதே முந்துகிறது. மைதானத்தின் கடைக்கோடியில் என் கார் ஓரிரு முறை திக்கியது, அவருடையது திக்கவில்லை. ரிமோட்டின் தலையை உள்ளங்கையால் பொத்தினால் என் தூரம் இன்னும் குறைகிறது. அந்தத் தொலைவில் கார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது என்பதால் நான் கவலைப்படவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. நண்பரின் ஆன்டெனாவைத் திருப்பத் திருப்பத் திருகு தளர்கிறது. அதோடு ஓட்டில் இருக்கும் நட்டும் சுழன்று, உள்ளே கேபிளையும் முறுக்குகிறது. அந்தக் கேபிளை சர்க்யூட் பலகையில் மாட்டும் குட்டி யு.எஃப்.எல். கனெக்டரோ சுமார் 30 முறை கழற்றி மாட்டுவதற்கு மட்டுமே உருவானது. அவர் ஏழெட்டு முறை திறந்துவிட்டார். ஒருமுறை மாற்று ஆன்டெனா என்று வைஃபை ரூட்டருடையதைத் திருகினார். மரை கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அது ஊசியும் துளையும் இடம் மாறிய ஆர்.பி. வகை, நடுவில் தொடுவதற்கு ஊசியே இல்லை, இரு பக்கமும் வெறும் துளை. ஆன்டெனா இல்லாமலே ரிமோட்டை இயக்கியதற்குச் சமம். அனுப்பும் சில்லு கருகாமல் தப்பியது அவர் அதிர்ஷ்டம். என் ரிமோட்டை ஒட்டிய நாளுக்குப் பிறகு நான் திறக்கவில்லை. அசையும் பாகம் இல்லை, அறுவதற்கு வளைவும் இல்லை. பையில் மற்ற சாமான்களோடு திணித்துக்கொண்டு போகிறேன்.

விமானம் விடுபவர்களுக்கு இதையே சொல்லத் துணிய மாட்டேன். ஒரு தெர்மோகோல் கிளைடரை நாலைந்து முறை பறக்கவிட்டதுதான் என் வான் அனுபவம். சில நூறு மீட்டர் உயரத்தில் சிக்னல் திக்கினால் கார் போல ஓரமாக நின்றுவிடாது. அங்கே வெளி ஆன்டெனாவே மேல் என்று நினைக்கிறேன். அதிலும் நுனியை விமானத்தை நோக்கி நீட்டக் கூடாது, நுனியின் திசையில்தான் அலை மிகவும் மெலிந்திருக்கும்.

பழைய கீல் இருந்த ஓட்டை மட்டும் இன்னும் திறந்தே இருந்தது. புழுதி உள்ளே போகிறது என்று போன வாரம்தான் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன்.