கவிதைத் தொகுப்பு: ஆப்செட்டா, டிஜிட்டலா?

பெங்களூரில் கவிதை எழுதிக்கொண்டு சிற்றிதழும் நடத்துகிறவர்கள், சொந்தமாகத் தொகுப்பு போடும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது அச்சுமுறையை.

பிளேட் (பக்கங்கள் பதிந்த உலோகத் தகடு) செய்து அச்சிடும் ஆப்செட்டில் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கிடுவார்கள். டெம்மி அளவில் (வழக்கமான புத்தக அளவு) 96 பக்கம் என்றால் ஆறு ஃபாரம். 100 பக்கமாக இழுத்தால் அந்த நாலு பக்கத்துக்காகவே தனிப் பிளேட். பிளேட் செலவு எத்தனை பிரதிக்கும் ஒன்றுதான் என்பதால், 500, 1000 என்று போட்டால்தான் பிரதி விலை இறங்கும். ஆனால் கவிதை அவ்வளவு வேகமாக விற்காது. கட்டுகள் வாடகை வீட்டை அடைத்துக்கொள்ளும்.

கணினிக் கோப்பிலிருந்து நேரே அச்சிடும் டிஜிட்டலில் பிளேட் கிடையாது. 50 பிரதி எடுத்து, அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்தில் வெளியிட்டு, வாசித்தவர்கள் காட்டும் பிழைகளைத் திருத்தி அடுத்த 50 எடுக்கலாம். ஒரு பிரதியின் அடக்கவிலை கூடுதல்தான். ஆனாலும் முதல் தொகுப்புக்கு எங்கள் ஓட்டு இதற்கே.

எதில் அச்சிட்டாலும் கவிதையைக் கெடுப்பது பக்க வடிவமைப்புதான். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். பழைய வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் யூனிகோட் தமிழை ஏற்காது; பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்றவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். நீள வரி மடிந்தால் புது வரி போலத் தெரியும். மடிந்த துண்டை உள்தள்ளி வைக்கச் சொல்லுங்கள். திரையில் பார்த்தது போதாது, காகிதத்தில் புரூஃப் எடுத்து வாய்விட்டு வாசித்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.